கம்புப் போட்டிக்குக் கடல் கடந்து போகுமுன்

(உடப்புசல்லாவையில் தோட்ட இளைஞர்களும் பெற்றோர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும், கடைக்குப் போகணும். அதையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க. ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்ம பகுதியில் கொஞ்சப் பிள்ளைகள் இப்போது மறுபடியும் சிலம்படி பழகுறாங்க. திருவிழாவுக்கு மட்டும் கம்பு எடுக்கிற பழக்கம் மாறி, கிழமைக்கு இரண்டு நாள் ஒழுங்காகப் பயிற்சி நடக்கிறது. இந்தப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புச் சண்டையைப் பார்த்திருக்காங்க. பார்த்ததோடு நிற்கவில்லை. சர்வதேசப் போட்டி ஒன்று இருக்கிறது, கம்பு பிடிக்கத் தெரிந்த யாரும் வரலாம், கட்டணத்தை முதலில் அனுப்புங்கள் என்று அழைப்பும் வந்துவிட்டது. ஒரு தம்பிக்கும் ஒரு தங்கச்சிக்கும் போக ஆசை. அந்தத் தங்கச்சியின் அம்மா காதுத்தோட்டைக் கழற்றி அடகுக்கு வைக்கத் தயாராகி, அதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தார். “போகட்டுமா, வேணாமா, நீங்களே சொல்லுங்க” என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் அந்த விளையாட்டு என்னவென்று தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் பற்றி ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது.

அதற்கு மூன்று பெயர் உண்டு. ஆர்னிஸ், எஸ்கிரிமா, காளி. காளி என்றதும் நம்ம காளியம்மன் என்று நினைக்க வேண்டாம், அது அவர்களுடைய சொல். பிரம்பில் செய்த கம்பு, நீளம் சுமார் 28 அங்குலம், அதாவது நம்ம முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் அதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு கையில் ஒரு கம்பு, சில வேளை இரண்டு கையிலும் இரண்டு கம்பு. இரண்டு கம்பையும் பாய் முடைகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் வீசுகிற பயிற்சிக்கு சினவாலி என்று பெயர். எந்தெந்தக் கோணத்தில் அடி வரும் என்று 12 அடிகளை எண் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கம்பு பிடிக்காத கை சும்மா இருக்காது. எதிராளியின் கையை அமுக்கும், கம்பைப் பறிக்கும்.

2009 டிசெம்பர் 11-ஆம் திகதி பிலிப்பைன்ஸ் அரசு 9850-ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஆர்னிஸைத் தங்கள் நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டு அங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு மட்டும் 20 தங்கப் பதக்கம். அதில் 14-ஐ அவர்களே எடுத்தார்கள், மிச்சம் 6 மற்ற நாடுகளுக்குப் போனது. ஆனபடியால் இது ஏதோ சினிமாச் சண்டை இல்லை, மதிப்புள்ள விளையாட்டுத்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டதில் தப்பே கிடையாது.

ஆனால் நாங்கள் தேடிப் படித்ததில் எங்களை உட்கார வைத்தது பதக்கக் கணக்கு இல்லை. இந்தக் கலையை வைத்திருந்த ஆட்கள் யார் என்பதுதான்.

பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் என்று ஒரு தீவு. நமக்குத் தேயிலை எப்படியோ அவர்களுக்கு அங்கே கரும்பு. கண்ணுக்கு எட்டின தூரம் கரும்புத் தோட்டம், அதிலே கூலிக்கு வெட்டுகிற சனம். ரெமி பிரேசாஸ் என்பவர் 1936-இல் அந்தத் தீவில் ஹினிகாரான் என்ற ஊரில் பிறந்தார். அவர் காலத்தில் கம்பு பழக்குகிற விதம் கடுமையானது. எதிரே நிற்கிறவனுடைய கையிலேயே அடிக்க வேண்டும். விரல் வீங்கும், எலும்பு முறியும், நாலு நாளில் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பிரேசாஸ் அதை மாற்றினார். கையில் அடிக்காதே, கம்பில் கம்பை அடி என்று சொல்லிப் பாடம் அமைத்தார். மாணவர் தங்கினார்கள். பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 2001-இல் காலமானார். ஒரு சின்ன மாற்றம்தான், ஆனால் சாகக் கிடந்த கலை அதனால் பிழைத்தது என்பது எங்கள் எண்ணம். நம்ம ஊரில் “நான் அடிபட்டுப் பழகினேன், நீயும் அடிபட்டுப் பழகு” என்று சொல்லுகிற வாத்தியார்மார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும். கோபித்துக்கொள்ளாதீங்க.

இன்னொரு கதையும் கேளுங்க. 1906 டிசெம்பர் 20-ஆம் திகதி 15 பிலிப்பைன்ஸ்காரர்கள் கப்பலில் ஹவாய்த் தீவில் போய் இறங்கினார்கள், கரும்புத் தோட்ட வேலைக்கு. அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள். ஒப்பந்தக் கூலி, தோட்டத்துக் கேம்ப் வீடு, மேலே துரை. நம்ம பாட்டன் பூட்டன் கண்டிச் சீமைக்கு வந்த கதைக்கும் இதற்கும் பெயரைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு கலிபோர்னியா பக்கம் தோட்ட வேலைக்கும் பலர் போனார்கள். அவர்களோடு கம்பும் போனது. வேலை முடிந்து, வேற்று ஆள் கண்ணில் படாமல், தங்களுக்குள் மட்டும் பழகினார்கள். ஏஞ்சல் கபாலெஸ் என்று ஒருவர். ஸ்டொக்டன் பகுதியில் அஸ்பராகஸ் என்கிற ஒரு தண்டுக்கீரை வெட்டுகிற வேலை பார்த்தவர். அவர்தான் 1966-இல் அந்த ஊரில் எல்லோரும் வந்து பழகக்கூடிய எஸ்கிரிமாப் பள்ளியைத் திறந்தார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்.

கீரை வெட்டின கை அது. இங்கே கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற அண்ணன்மார் இருக்கிறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அந்த மணிக்கட்டைத் திருப்புறீங்க என்று உங்களுக்கே தெரியாது. கம்பு வீச்சுக்கு வேண்டிய பலம் அதுதான். புதுசாக எங்கேயும் போய் வாங்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிட வேணும். 1521 ஏப்ரல் 27-இல் மக்தான் தீவில் லாபுலாபு என்ற தலைவனின் ஆட்கள் போர்த்துக்கல்காரன் மகெல்லனைக் கொன்றார்கள். அது ஆர்னிஸால்தான் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். கூடப் போயிருந்த பிகாஃபெட்டா எழுதி வைத்ததைப் பார்த்தால் ஈட்டியும் வெட்டுக்கத்தியும்தான் வருகிறது. அதே மாதிரி நம்ம ஆட்களில் சிலர், சிலம்பம்தான் கப்பலேறிப் போய் ஆர்னிஸ் ஆனது என்கிறார்கள். அதற்குச் சாட்சியாக ஒரு காகிதமும் எங்கள் கண்ணில் படவில்லை. கம்பு எல்லா ஊர்க் காட்டிலும் முளைக்கிறது. ஆபத்து வந்தால் எந்த மனுசனும் கையில் கிடைத்ததை எடுப்பான். நம்ம நாட்டிலேயே சிங்களச் சகோதரர்களிடம் அங்கம்பொர இருக்கிறது. 1818-இல் வெள்ளைக்காரன் தடை போட்டு, 2019-இல்தான் அந்தத் தடை சட்டப்படி நீங்கியது என்றால் பாருங்கள். அவரவர் கலை அவரவருக்குப் பெரிது.

சரி, சிலம்பம் தெரிந்த பிள்ளை ஆர்னிஸ் போட்டியில் நேராகப் போய் இறங்க முடியுமா? இதுதான் தொழில்நுட்பக் கேள்வி. இதற்கு வாத்தியாரையே கேட்டோம், படித்தும் பார்த்தோம்.

நம்ம நெடுங்கம்பு நெற்றி உயரம் வரும். இரண்டு கையாலும் சுழற்றுகிறோம். எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்துவதுதான் நம்ம பலம். காலடி வரிசை நன்றாகப் பழகியவனுக்கு இடம் விட்டுக் கொடுக்கவும் தெரியும், திடீரென்று உள்ளே வந்து தொட்டுவிட்டு விலகவும் தெரியும். நம்ம தொடுமுறைப் போட்டியில் கம்பு நுனி உடம்பில் பட்டால் புள்ளி. அவர்களுடைய கம்பு 28 அங்குலம். அவ்வளவு குட்டைக் கம்பு என்றால் ஆள் கிட்டே வந்தே ஆகணும். கிட்டே வந்தால் வெறுங்கை வேலை செய்ய ஆரம்பிக்கும். நம்ம பிள்ளைக்கு அந்தத் தூரம் புதுசு. கம்பைப் பறிகொடுத்து நிற்கும், இல்லாவிட்டால் இரண்டு கையையும் கம்பிலே வைத்துக்கொண்டு முகத்தில் வாங்கும். கால் வேலை, கண், மணிக்கட்டு, மூச்சு இந்த நாலும் நமக்குக் கைகொடுக்கும். மற்றது ஆறு மாதமாவது தனியாகப் பழக வேண்டிய விஷயம். ஆர்னிஸில் அன்யோ என்று ஒரு பிரிவு, தனியாகவோ கூட்டாகவோ வரிசை செய்து காட்டுவது. லபனான் என்று ஒரு பிரிவு, அது சண்டை. சண்டையிலும் பஞ்சு சுற்றின கம்பு ஒன்று, வெறும் கம்பு ஒன்று. அழைப்பு வருகிறபோது எந்தப் பிரிவுக்கு என்று முதலில் பார்க்க வேணும். வந்த அழைப்பில் அது இல்லை.

கம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூங்கில் அடிபட்டால் பிளக்கும், பிளந்த சிலாகை கண்ணைக் குத்தும். பிரம்பு பிளக்காது, நார் நாராகப் பிய்யும். அதனால்தான் அவர்கள் பிரம்பையே பிடித்துக்கொண்டார்கள். சோடியாக மோதிப் பழகுவதற்கு நாமும் பிரம்புக்கு மாறுவது நல்லது. கண்டி கொழும்பு வீதியில் வேவல்தெனிய, ரதாவடுன்ன பக்கம் பிரம்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிறது, போகிற வழியில் பார்த்திருப்பீங்க. அங்கே கேட்டு வாங்கலாம்.

இனி, தலையில் அடி. பெற்றோர் இதைக் காது கொடுத்துக் கேளுங்க. முகத்துக்குக் கம்பி வலை உள்ள தலைக்கவசம் இல்லாமல் மோதவே கூடாது, பழகும்போதும் கூடாது. தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், பேச்சுக் குழறினால், தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. டொக்டர் சரி என்று சொல்லுகிற வரைக்கும் அந்தப் பிள்ளை கம்பைத் தொடக்கூடாது.

அடுத்து, இந்த மலையில் கம்பு எப்படி மெலிந்தது என்பதைப் பெரியவங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் வந்த மாதிரியே சிலம்பமும் தென்னாட்டிலிருந்து நம்ம முன்னோர் தோளில்தான் வந்தது. எம்.ஜி.ஆரைக் கம்போடு திரையில் பார்த்துக் கைதட்டாதவர் இங்கே யாரும் இல்லை. அவர் 1917 ஜனவரி 17-இல் பிறந்தது நம்ம நாவலப்பிட்டியில் என்று பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து நம்ம வாத்தியார் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு வெளிநாட்டுப் போட்டிக்குப் போயிருக்க முடியுமா? எந்த நாட்டுக் கொடியின் கீழ் போவார்? 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினவர்களில் கம்பு வாத்தியாரும் இருந்தார், தப்படிக்கிறவரும் இருந்தார், கூத்து மாஸ்டரும் இருந்தார். ஒரு லயத்தில் வாத்தியார் போனார், சீடன் நின்றான். இன்னொரு லயத்தில் சீடன் போனான். பாடம் பாதியில் நின்றது. மிச்சம் இருந்தவர்களுக்கும் 2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒரு வழியாகத் தீர்ந்தது.

ஆகவே இன்றைக்கு இந்தத் தங்கச்சி கடவுச்சீட்டுக்கு மனுப் போடலாம் என்பதே நேற்று வரைக்கும் நமக்கு இல்லாத விஷயம். அதனால்தான் எங்களுக்கும் இந்தப் பிள்ளைகள் போகணும் என்று ஆசை. போக வேண்டாம் என்று தடுக்கிற கூட்டம் இல்லை இது.

ஆனால் காசு? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயம் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் என்றால் 74 முழுப்பேர் போட்டும் 100 ரூபாய் குறையும். அதுவும் சாப்பிடாமல், கடைக்கடன் கொடுக்காமல். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், கவசம், போட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தில் நிற்காது.

இப்படிக் கொடுக்கிற காசுக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தற்காப்புக் கலைப் போட்டிகளில் நல்லதும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. ஒரே கலைக்குப் பல சங்கம். பிலிப்பைன்ஸில் செபு நகரத்திலேயே 1932-இல் தோன்றிய டோசே பாரெஸ் என்ற பழைய சங்கம் இருக்கிறது, பிறகு வேறு பள்ளிகளும் வந்தன. 1989-இல் அதே செபுவில் உலகப் போட்டி நடத்தின சம்மேளனம் ஒன்று, அரசாங்கம் ஏற்ற விளையாட்டு அமைப்பு வேறொன்று. சிலம்பத்திலும் இதே கதைதான், சர்வதேசம் என்றும் உலகம் என்றும் பெயர் வைத்த அமைப்புகள் எத்தனையோ. பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வயதுக்கு ஒரு பிரிவு, நிறைக்கு ஒரு பிரிவு, கம்புக்கு ஒரு பிரிவு என்று நூறு பிரிவு போட்டால், ஒரு பிரிவில் இரண்டே பேர் நிற்பார்கள். தோற்றவருக்கு வெள்ளிப் பதக்கம். ஊருக்கு வந்து மாலை போட்டு, வெடி போட்டு, பேப்பரில் படமும் வரும். வீட்டில் அடகு மட்டும் மீளாது. பிள்ளைமேல் குற்றம் இல்லை, அது உண்மையாகத்தான் ஆடியிருக்கும்.

நம்ம நாட்டில் 1973-ஆம் ஆண்டு 25-ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இருக்கிறது. தேசிய விளையாட்டுச் சங்கங்கள் அதன்படி பதிவு பெற வேண்டும். ஆகவே அழைப்பு அனுப்புகிறவரிடம் முதல் கேள்வி, உங்கள் சங்கம் விளையாட்டுத்துறை அமைச்சில் பதிவானதா, பதிவு இலக்கம் என்ன? பிறகு, என் பிள்ளை எந்தப் பிரிவில் ஆடும், போன தடவை அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள்? விதிகளை எழுத்தில் தருவீர்களா? காயம்பட்டால் செலவு யாருடையது, காப்புறுதி உண்டா? பெண் பிள்ளைகளோடு கூடப் போகிற பொறுப்பான பெண் யார்? காசுக்கு ரசீது தருவீர்களா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடவே வேண்டாம்.

இந்தக் கேள்விகளை நம்ம இரண்டு பிள்ளைகளின் சார்பில் அந்த அழைப்பை அனுப்பியவர்களுக்கு எழுதினோம். கட்டணம் எவ்வளவு, எப்போது கட்டணும் என்பதற்கு மட்டும் அன்றைக்கே பதில் வந்தது. மற்றதுக்கு இன்னும் பதில் இல்லை. ஆகவே எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். இந்த அழைப்புக்குப் போக வேண்டாம். அம்மா, உங்கள் தோடு காதிலேயே இருக்கட்டும். தங்கச்சிக்கு முகம் வாடுகிறது, தெரிகிறது. எங்களுக்கும் வருத்தம்தான்.

ஆனால் அதோடு விடப் போவதில்லை. தமிழ்நாட்டில் சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் அங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன நம்ம சனம் சிலம்பத்தை விடாமல் வளர்த்து வைத்திருக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்குக் கை பழகின கம்பு அங்கே இருக்கிறது. முதலில் நம்ம மாகாணத்திலும் பக்கத்து மாகாணத்திலும் நடக்கிற போட்டிகளில் ஆடி, நடுவர்மார் எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்று பார்த்து, பிறகு கடல் தாண்டலாம். குட்டைக் கம்பும் பழகட்டும், நல்ல வழி திறந்தால் அதற்கும் போகலாம்.

அதற்குள் காகிதத்தைச் சரி பண்ண வேணும். இதில்தான் நம்ம ஆட்கள் கடைசி நிமிசத்தில் மாட்டிக்கொள்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் வேறு எழுத்தில். சில வீட்டில் பிறப்புப் பதிவே இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு என்றால் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் கேட்பார்கள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் அந்தக் கடிதத்துக்கே மாதக்கணக்கு ஆகும். போட்டி வந்த பிறகு ஓடாமல் இப்போதே திருத்திக்கொண்டால் பிள்ளையின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அது உதவும்.

அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு இதே இடத்தில் காகித வேலை பார்க்கப்படும். பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாள அட்டை, இருந்தால் கலியாணச் சான்றிதழ், பழைய பிரஜாவுரிமைக் காகிதம், எல்லாவற்றையும் மழையில் நனையாமல் பையில் போட்டுக் கொண்டுவாங்க. பிரம்பு வாங்க ஒருவர் கண்டிப் பக்கம் போகிறார், எத்தனை கம்பு வேணும் என்று வாத்தியாரிடம் இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்க. தலைக்கவசம் நாலு வாங்குவதற்கு நிதியத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் சொல்லுகிறோம்.

தேத்தண்ணி வருகிறது. குடித்துக்கொண்டே கேள்வி கேளுங்க. முதலில் அந்தத் தங்கச்சி கேட்கட்டும், அதுக்குத்தான் கேட்க நிறைய இருக்கும்.